வண்டியின் தாகம்

சென்ற சித்திரை மாதத்தில் ஒரு நாள் காலை, குடும்ப சமேதராய்ச் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பிரயாணமானோம். புறப்படும்போது எவர்சில்வர் கூஜாவில் தண்ணீர் இருக்கிறதா என்று நமது வீட்டு அம்மாள் ஒரு முறை பார்த்தாள். குழந்தைகளுக்கு அது போதுமா என்று மாமியார் ஒரு முறை பார்த்தார். மலைமேல் தண்ணீர் எப்படியோ என்று சந்தேகப்பட்ட மைத்துனர், கடைத்தெருவில் வண்டியை நிறுத்தி இன்னும் ஆறு பாட்டில் வாங்கிப் பின்னால் போட்டார். ஏழு பேருடைய தாகத்துக்கு இவ்வளவு முன்னேற்பாடு செய்த நாம், எட்டாவது பிரயாணி ஒருவருடைய தாகத்தை மட்டும் அடியோடு மறந்துவிட்டோம். அந்தப் பிரயாணி வேறு யாருமில்லை. நம் எல்லாரையும் சுமந்துகொண்டு போன மோட்டார் வண்டிதான்.

ஏற்காட்டு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. முதல் ஐந்தாறு வளைவுகள் வரையில் எல்லாரும் வெகு உற்சாகமாக இருந்தார்கள். குழந்தைகள் வளைவுகளை உரக்க எண்ணிக்கொண்டு வந்தன. வெளியே வெயில் கொளுத்திற்று; உள்ளே ஏ.ஸி. யந்திரம் குளிர்ந்த காற்றை வீசிற்று. எட்டாவது வளைவு தாண்டியதும் அந்தக் காற்று சற்று வெதுவெதுப்பாகத் தோன்றியது. பத்தாவது வளைவில், ஓட்டுகிறவரின் கண்ணுக்கு எதிரே இருக்கும் வெப்ப முள், தான் வழக்கமாகத் தூங்கும் நடு இடத்தை விட்டு எழுந்து சிவப்புக் கோட்டை நோக்கி நடக்கத் தொடங்கியிருப்பதைக் கண்டோம். "மலை ஏறினால் கொஞ்சம் சூடாகத்தான் செய்யும்" என்று மைத்துனர் அபிப்பிராயப்பட்டார். நாமும் அதை ஆமோதித்தோம். பதினோராவது வளைவில் பானெட்டின் இடுக்கிலிருந்து வெள்ளை வெளேரென்று ஆவி கிளம்பியபோது, அந்த அபிப்பிராயத்தை இரண்டு பேருமே சொல்லாமல் கொள்ளாமல் வாபஸ் வாங்கிக்கொண்டோம்.

வண்டியை ஓரமாக நிறுத்தினோம். மைத்துனர் காரியவாதி. சும்மா நிற்பது அவருக்குப் பிடிக்காது. ஒரு கையில் தண்ணீர்ப் பாட்டிலும் மறு கையில் துண்டுமாகப் போய்ப் பானெட்டைத் தூக்கினார். ரேடியேட்டர் மூடியின்மேல் துண்டைப் போட்டுக் கையை வைத்தார். அந்த க்ஷணத்தில் மேலேயிருந்து இறங்கி வந்த லாரி ஒன்று கிறீச்சென்று நின்றது. அதன் டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "தம்பி! மூடியைத் தொடாதீங்க! கையை எடுங்க!" என்று போட்ட சத்தத்தில் மைத்துனர் இரண்டு அடி பின்னால் துள்ளினார்.

டிரைவர் இறங்கி வந்தார். அறுபது வயது மதிக்கலாம். அவர் நமக்கு உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. சட்டைக் கையை மேலே இழுத்துவிட்டுத் தமது வலது கையைக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரையில் தோல் வெளுத்துச் சுருங்கிப் பளபளவென்றிருந்தது.

"முப்பது வருஷம் ஆச்சுங்க. அன்னைக்கு எனக்கும் அவசரந்தான்" என்றார்.

பிறகு, எஞ்சினை அணைத்தாகிவிட்டதா என்று கேட்டார். ஒரு மணி நேரமாவது நிழலில் உட்காரச் சொன்னார். மூடியைத் தொட்டால் கை தாங்குகிற அளவுக்கு ஆறிய பிறகு, துண்டைப் போட்டு முதலில் கால் சுற்று மட்டும் திருப்பி மிச்சக் காற்றைப் போகவிட வேண்டும் என்றும், ஊற்றுகிற தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டாமல் கொஞ்சங் கொஞ்சமாக ஊற்ற வேண்டும் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு லாரியில் ஏறிப் போய்விட்டார்.

அவர் சொன்ன பிரகாரமே செய்தோம். குழந்தைகளுக்கென்று வாங்கிய பாட்டில்கள் ஆறும் வண்டியின் வயிற்றுக்குள் போயின. உள்ளே மிஞ்சியிருந்த தண்ணீரை எட்டிப் பார்த்தோம். அது கடுந்தேநீரின் நிறத்தில் இருந்தது. ஏற்காடு அன்றைக்கு நமக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஊர்ந்து ஊர்ந்து சேலத்துக்குத் திரும்பி, ஒரு பழைய மெக்கானிக்கிடம் வண்டியை விட்டோம். அவர் இரண்டு நாள் கழித்துக் காட்டிய ரசீதைப் பற்றி இங்கே விஸ்தரிக்க விரும்பவில்லை. எஞ்சினின் தலைப் பாகத்துக்கும் உடலுக்கும் நடுவே உள்ள கேஸ்கெட் என்னும் தகடு கருகத் தொடங்கியிருந்தது என்பதையும், ரேடியேட்டரின் குழாய்களில் பாதி சுண்ணாம்புக் காரை பிடித்து அடைந்திருந்தன என்பதையும் மட்டும் சொன்னால் போதும். முந்தின வருஷம் வேறொரு பட்டறையில் 'கூலண்ட்' மாற்றியதாக நம்மிடம் பணம் வாங்கியிருந்தார்கள். அவர்கள் ஊற்றியது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு அந்தப் பழைய மெக்கானிக்கின் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு சில ஞாயிற்றுக்கிழமைகள் பாடம் கேட்டோம். அங்கே கற்றதையும், பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் நேயர்களுக்குச் சொல்வதே நமது நோக்கம். வீட்டில் கார் வைத்திருப்பவர்களில் பெட்ரோல் விலையை அறியாதவர் இல்லை. ஆனால் அந்த வண்டிக்குள் நாலைந்து லிட்டர் திரவம் ஒன்று இரவு பகலாக என்ன செய்துகொண்டிருக்கிறது என்று அறிந்தவர்கள் எத்தனை பேர்?

எஞ்சினுக்குள் பெட்ரோல் எரியும்போது அந்த வாயுவின் உஷ்ணம் ஒரு கணம் 2,000 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேலே போகிறது. அந்த நெருப்பைச் சுற்றியிருக்கும் அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். எரிகிற பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டும் வேலைக்கு வருகிறது. மற்றொரு பங்கு புகையோடு பின்குழாய் வழியே போகிறது. மீதி, எஞ்சினின் இரும்பிலும் அலுமினியத்திலும் இறங்குகிறது. அதை உடனுக்குடன் வாங்கி வெளியே கொண்டுபோய்க் கொட்டாவிட்டால் சில நிமிஷங்களில் எஞ்சின் இறுகிப்போகும். இந்தச் சுமைகூலி வேலையைத்தான் அந்தத் திரவம் செய்கிறது. எஞ்சினின் சுவர்களுக்குள் ஓடும் கால்வாய்களில் சூட்டை வாங்கிக்கொண்டு, மேல் ரப்பர்க் குழாய் வழியாக ரேடியேட்டருக்கு வந்து, அங்கே மெல்லிய குழாய்களில் பரவிக் காற்றில் ஆறி, கீழ்க் குழாய் வழியாக மறுபடியும் எஞ்சினுக்குள் போகிறது. அதைத் தள்ளிக்கொண்டே இருப்பது ஒரு சிறு பம்பு.

ஆதியில் இவ்வளவு ஏற்பாடு கிடையாது. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886-ல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர மோட்டார் வண்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். போகப் போக ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 1888-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அவருடைய மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல், இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு அந்த வண்டியில் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டாள். ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரம். உலகத்தில் முதல் முதல் நடந்த நெடுந்தூர மோட்டார்ப் பிரயாணம் அதுதான் என்று சொல்லுகிறார்கள். வழியில் எரிபொருளை ஒரு மருந்துக் கடையில் வாங்கினாள். தண்ணீருக்கோ, கண்ட கண்ட இடத்தில் எல்லாம் நிற்க வேண்டியிருந்தது. வண்டிக்குத் தாகம் உண்டு என்பதை நமக்கு நூற்று முப்பது வருஷங்களுக்கு முன்பே அந்த அம்மாள் கண்டுகொண்டிருக்கிறாள்! பிறகு 1901-ஆம் வருஷத்து மெர்ஸிடிஸ் வண்டிக்காக வில்ஹெல்ம் மேபாக் என்பவர், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு குழாய்களைத் தேன்கூடு போல் சேர்த்து ஒரு ரேடியேட்டர் செய்தார். அப்போதுதான் ஒரே தண்ணீரைத் திரும்பத் திரும்ப ஆற்றி உபயோகிப்பது நன்றாகக் கைகூடிற்று.

இப்போது நமது மைத்துனர் கைவைக்கப் போன மூடிக்கு வருவோம். அது வெறும் மூடி அல்ல. நம் வீட்டுச் சமையலறையில் பருப்பு வேகிற பிரஷர் குக்கர் இருக்கிறதே, அதன் மூடியும் குண்டும் என்ன செய்கின்றனவோ அதையே இதுவும் செய்கிறது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மலைமேல் காற்றின் அழுத்தம் குறைவாகையால் இன்னும் சீக்கிரமே கொதித்துவிடும். ஏற்காட்டில் சுமார் 95 டிகிரியிலும், உதகமண்டலத்தில் சுமார் 92 டிகிரியிலும். மூடிப் பூட்டி, சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம் ஏற்றினால், சமவெளியில் அதே தண்ணீர் 120 டிகிரி வரையில் கொதிக்காமல் அடங்கியிருக்கும். குக்கரிலும் பல கார்களிலும் அழுத்தம் ஏறக்குறைய இந்த அளவுதான்.

குக்கர் சீறிக்கொண்டிருக்கும்போது யாராவது மூடியைப் பலவந்தமாகத் திறப்பார்களா? நம் வீட்டுப் பத்து வயதுக் குழந்தையும் திறக்காது. ஆனால் கற்றுத் தேர்ந்த பெரிய மனிதர்கள், சூடேறிய வண்டியின் மூடியை நடுரோட்டில் திறக்கிறார்கள். மூடி கழன்றதும் அழுத்தம் போய்விடுகிறது. அதுவரையில் 110, 115 டிகிரியில் அடங்கிக் கிடந்த தண்ணீர் கண் மூடித் திறப்பதற்குள் கொதித்து எழுகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு லிட்டருக்கு மேல் இடம் வேண்டும். அந்த இடத்துக்காக அது பாய்கிற திசையில்தான் நம் முகமும் கையும் இருக்கின்றன. லாரி டிரைவரின் கையை ஒரு முறை பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்குக்கூட வேண்டியதில்லை. இந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் ரேடியேட்டரில் மூடியே இல்லாமல், பக்கத்திலுள்ள வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பாவில் மூடி இருக்கிறது. பிளாஸ்டிக்தானே என்று அதை அலட்சியம் செய்யலாகாது; அழுத்தம் அங்கேயும் உண்டு.

இனி, கூலண்ட் என்னும் சரக்கைப் பற்றிய பெரிய வழக்கு ஒன்றைத் தீர்க்க வேண்டும். டப்பாவின்மேல் 'ஆன்டி-ஃப்ரீஸ்', அதாவது உறைபனித் தடை, என்று அச்சிட்டிருப்பார்கள். இதைப் படித்ததும் நம்மவர்களுக்குச் சிரிப்பு வருகிறது. "சேலத்திலும் மதுரையிலும் பனியா கொட்டுகிறது? இது வெள்ளைக்காரன் ஊருக்கு வேண்டியது, நமக்குக் குழாய்த் தண்ணீர் போதும்" என்கிறார்கள். நாமும் பல வருஷம் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவர்தாம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த டப்பாவில் உள்ள எதிலீன் கிளைகால் என்ற திரவம் இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. பாதிக்குப் பாதி தண்ணீரோடு கலந்தால் அது பூஜ்யத்துக்குக் கீழே 37 டிகிரி வரையில் உறையாது என்பது உண்மை. அதே கலவை திறந்த பாத்திரத்திலேயே சுமார் 106 டிகிரி வரையில் கொதிக்காது. 15 பவுண்டு மூடியின் கீழே ஏறக்குறைய 129 டிகிரி வரையில் தாக்குப்பிடிக்கும் என்பதும் உண்மை. சித்திரை வெயிலில் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு மலையேறுகிறவனுக்கு இந்த இரண்டாவது குணம் அல்லவா வேண்டியது?

அதைவிட முக்கியமான சமாசாரம் வேறொன்று. கூலண்டில் துருவைத் தடுக்கும் மருந்துகள் சேர்ந்திருக்கின்றன. ஒரே எஞ்சினில் இரும்பு, அலுமினியம், ஈயப் பற்று, ரப்பர், பிளாஸ்டிக் எல்லாம் ஒரே தண்ணீரில் நனைந்துகொண்டு கிடக்கின்றன. உப்புத் தண்ணீரில் இரண்டு உலோகங்களைச் சேர்த்து வைத்தால் ஒன்று மற்றொன்றைத் தின்னத் தொடங்கும். நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பும் உப்பும் எவ்வளவு இருக்கின்றன என்பதை, வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். வருஷக் கணக்கில் வெந்நீர் போட்ட பாத்திரத்தில் வெள்ளைக் காரை எவ்வளவு கனம் பிடிக்கிறது! ரேடியேட்டரின் குழாய்களோ மிகவும் குறுகலானவை. அவற்றில் அந்தக் காரை பிடித்தால் தண்ணீர் போகவும் வழியில்லை. சூடு இறங்கவும் வழியில்லை. நமது வண்டிக்கு நேர்ந்தது இதுதான்.

அப்படியானால் கூலண்டை மட்டுமே தண்ணீர் கலக்காமல் ஊற்றிவிடலாமா என்று தாராள மனசுக்காரர் யாராவது கேட்கலாம். கூடாது. வெப்பத்தை வாங்கிச் சுமக்கும் சக்தி தண்ணீருக்குத்தான் அதிகம், கிளைகாலுக்குக் குறைவு. ஆகையால் வெறும் கூலண்ட் ஊற்றிய வண்டி அதிகமாகவே சூடேறும். சில டப்பாக்களில் முன்பே கலந்து விற்கிறார்கள். அதை அப்படியே ஊற்ற வேண்டும். கலக்காத சரக்காயிருந்தால் பாட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரைக் கலக்க வேண்டும். வண்டியோடு கொடுக்கும் புஸ்தகத்தில் எந்த அளவு என்று போட்டிருக்கும். அந்தப் புஸ்தகத்தைப் பெரும்பாலோர் வண்டி வாங்கிய தினத்தில் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே வைத்தவர்கள், மறுபடி எடுப்பதில்லை.

நிறத்தை நம்பி ஏமாறுகிறவர்களும் உண்டு. பச்சை, சிவப்பு, நீலம், ஆரஞ்சு, ரோஜா என்று கடையில் கலர் ஸோடா மாதிரி அடுக்கி வைத்திருக்கிறார்கள். நிறம் என்பது கம்பெனிக்காரர்கள் தங்கள் இஷ்டப்படி சேர்க்கும் சாயமே தவிர, அதற்குப் பொது விதி ஒன்றும் இல்லை. இரண்டு பச்சைகள் வேறு வேறு ஜாதியாயிருக்கலாம். ஒரு சிவப்பும் ஒரு ரோஜாவும் ஒரே ஜாதியாயிருக்கலாம். ஒத்துக்கொள்ளாத இரண்டைக் கலந்தால் மருந்துகள் ஒன்றையொன்று முறித்துவிடும். சில சமயம் கூழ் மாதிரி திரண்டு குழாயை அடைப்பதும் உண்டு. பழைய ரகக் கூலண்டுகளை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். புதிய ரகங்கள் ஐந்து வருஷம்கூடத் தாங்குகின்றன. இதற்கும் அந்தப் புஸ்தகமே பிரமாணம்.

தெர்மோஸ்டாட் என்ற சிறு கருவியின் கதை சோகமானது. மெழுகு அடைத்த ஒரு குப்பி. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டருக்குப் போகும் வழியை அடைத்திருக்கும். எண்பது, தொண்ணூறு டிகிரி வந்ததும் மெழுகு இளகிப் பெருத்துக் கதவைத் திறக்கும். எஞ்சின் சீக்கிரம் சரியான சூட்டுக்கு வருவதற்காக இந்த ஏற்பாடு. நம் ஊர்ப் பட்டறைகளில் சிலர், "இந்த வெயிலுக்கு இது எதற்கு சார்?" என்று அதைப் பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். எஞ்சின் எப்போதும் வேண்டிய சூட்டுக்குக் குறைவாகவே ஓடி, பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கிறது, தேய்மானமும் அதிகம். பழுதானால் புதிதாக ஒன்று போட வேண்டியதுதான் நியாயம். பழுதான பல்லுக்குப் பதில் தாடையையே எடுக்கிற வைத்தியம் உண்டா?

வண்டியைப் பரீட்சை செய்வதற்கு மெக்கானிக்கு வேண்டியதில்லை. காலையில், எஞ்சின் இரவெல்லாம் ஆறிக் கிடந்த பிறகு, பானெட்டைத் தூக்கினால் போதும். வெள்ளை டப்பாவின் பக்கத்தில் இரண்டு கோடுகள் இருக்கும். திரவம் அவற்றின் நடுவில் நிற்க வேண்டும். மாதம் ஒரு முறை பார்க்கிறபோது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தால், எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். மூடியிட்ட பாத்திரத்தில் தண்ணீர் தானாகக் குறையாது. வண்டி நின்ற இடத்தில் தரையைப் பார்க்கலாம். ஏ.ஸி.யிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு நிறமும் இல்லை, பிசுக்கும் இல்லை. கூலண்டுக்கு இரண்டும் உண்டு, லேசான தித்திப்பு வாசனையும் உண்டு. ரப்பர்க் குழாய்களை விரலால் அழுத்திப் பார்த்தால், நன்றாயிருப்பது அழுந்தி மீளும். கொழகொழவென்று இருந்தாலும், மொடமொடவென்று வெடித்திருந்தாலும், க்ளிப்பின் அருகில் உப்புப் பூத்தாற்போல் வெள்ளையாகப் படிந்திருந்தாலும் மாற்றிவிட வேண்டும். மூடியின் உட்பக்கத்து ரப்பர் வளையத்தையும் பார்க்க வேண்டும். குக்கர் வளையம் தளர்ந்தால் விசில் வராதது போல, இது தளர்ந்தால் அழுத்தம் நிற்பதில்லை. ரேடியேட்டரின் முகத்தில் பூச்சிகளும் சேறும் அப்பியிருந்தால் மெல்லிய தாரையாகத் தண்ணீர் விட்டுக் கழுவலாம். அப்போது மின்விசிறியின் அருகில் விரலைக் கொண்டுபோகாமல் இருப்பது நல்லது. சில வண்டிகளில் எஞ்சின் நின்ற பிறகும் அது தானாகச் சுழலத் தொடங்கும்.

எஞ்சின் ஆயில் மோர் கலந்தாற்போல் வெளுத்திருந்தாலோ, பின்குழாயில் விடாமல் வெண்புகை வந்தாலோ, அது நம் கைக்கு மிஞ்சின வியாதி. கேஸ்கெட் போயிருக்கலாம். அந்த வண்டியை மேற்கொண்டு ஓட்டாமல் மெக்கானிக்கை அழைப்பதே உத்தமம்.

கூலண்ட் மாற்றுகிற வேலையை அந்தப் பெரியவர் நம் கையாலேயே செய்யவைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டி சமதரையில், சில்லென்று இருந்தது. மூடியைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்திக் கீழே ஒரு பேசினை வைத்தோம். பழையது வடிந்ததும் திருகை மூடி, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, எஞ்சினைச் சற்று நேரம் ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி வடித்தோம். வருகிற தண்ணீர் தெளிவாகும் வரையில் மூன்று தடவை இப்படிச் செய்ய வேண்டியிருந்தது. பொறுமைக்குப் பரீட்சை இந்த ஆறவிடுவதில்தான். சூடான எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் வெடிக்கும்.

புதிய கலவையை ஊற்றும்போது அவர் நம் கையைப் பிடித்துக்கொண்டார். "மெதுவா, சார். எண்ணெய்க் குளியலுக்குச் சீயக்காய் தேய்க்கிற மாதிரி நிதானமா ஊத்துங்க" என்றார். வேகமாக ஊற்றினால் உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும். அந்தக் காற்றுக் குமிழி எஞ்சினின் தலையில் போய் உட்கார்ந்தால், அந்த இடத்தில் திரவம் படாமல் சூடேறும். டப்பா நிறைந்திருந்தும் வண்டி கொதிக்கும். ஆகையால் வண்டிக்குள் இருக்கும் ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்துவைத்து, எஞ்சினை ஓடவிட்டு, குமிழிகள் அடங்கும் வரையில் காத்திருந்தோம். சில வண்டிகளில் காற்றை வெளியேற்றத் தனித் திருகே இருக்கிறது. மேல்குழாயும் கீழ்க்குழாயும் சூடானதும் தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று தெரிந்தது. பிறகு எல்லாவற்றையும் ஆறவிட்டு, குறைந்த அளவை நிரப்பினோம். மறுநாளும் பார்த்தோம்; இன்னும் அரை டம்ளர் பிடித்தது.

இதற்கிடையில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. பட்டறையில் வேறொரு வண்டியிலிருந்து வடித்த பச்சை நிறக் கூலண்ட் ஒரு தட்டில் இருந்தது. தெருநாய் ஒன்று மோப்பம் பிடித்துக்கொண்டு வந்து அதில் நாக்கை நீட்டியது. அதுவரையில் குரலை உயர்த்திப் பேசியறியாத பெரியவர், கையிலிருந்த ஸ்பானரை வீசி எறிந்துகொண்டு ஓடினார். நாய் தப்பித்தது. எதிலீன் கிளைகால் நாக்குக்கு இனிப்பு; ஆனால் கொடிய விஷம். வயிற்றுக்குள் போனால் ஈரல் அதை வேறு அமிலங்களாக மாற்றுகிறது. அவற்றில் ஒன்று ரத்தத்திலுள்ள கால்ஷியத்தோடு சேர்ந்து, ஊசி ஊசியான படிகங்களாகச் சிறுநீரகத்தில் போய்த் தங்குகிறது. குடித்தவர் முதலில் சற்று மயக்கம் போல் இருந்துவிட்டுத் தெளிந்தாற்போலவும் தோன்றலாம். சிறுநீரகம் அதற்குப் பிறகுதான் போகிறது. குழந்தைக்குக் கொஞ்சம் போதும். நாய்க்கும் பூனைக்கும் அதனினும் கொஞ்சம் போதும். ஆகவே, யாராவது விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, தெளிந்துவிட்டார் என்று எண்ணாமல் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். டப்பாவையும் கையோடு எடுத்துப் போக வேண்டும். மாற்று மருந்து இருக்கிறது. ஆனால் அது நேரத்தோடு கொடுத்தால்தான் பலிக்கும்.

இதைக் கேட்ட அன்று வீட்டுக்கு வந்தவுடன் நாம் செய்த முதல் காரியம், மாடிப்படிக்குக் கீழே போய்ப் பார்த்ததுதான். மிஞ்சின கூலண்டை மைத்துனர் ஒரு பழைய குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி அங்கே வைத்திருந்தார். ரோஜா நிறம். பார்ப்பதற்கு ரோஜாப்பூ ஷர்பத்தேதான். நமது சின்னக் குழந்தைக்கு எட்டுகிற உயரம். அந்தப் பாட்டிலைப் பார்த்து நாம் நின்ற நிலையை எழுத வார்த்தை வரவில்லை. இப்போது அது சொந்த டப்பாவில், பூட்டிய அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. வடித்த பழையதையும் சாக்கடையில் கொட்டவில்லை. தனி டப்பாவில் மூடி, பழைய ஆயிலோடு கலக்காமல், கழிவுகளைச் சேகரிக்கும் ஒரு சர்வீஸ் நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

வழியில் முள் ஏறிவிட்டால் என்ன செய்வது என்று மாமியார் கேட்டார். அவர் கேட்டது நியாயம். அன்றைக்கு அரை நாள் வெயிலில் உட்கார்ந்தவர் அவர் அல்லவா? முள் நடு இடத்தைத் தாண்டியவுடனே ஏ.ஸி.யை அணைத்துவிட வேண்டும். ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்தால், எஞ்சினின் உஷ்ணத்தில் ஒரு பங்கு வண்டிக்குள் வந்துவிடும். நமக்கு வியர்க்கும், வண்டி பிழைக்கும். அதற்கும் முள் இறங்காவிட்டால், அடுத்த பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். அடுத்த ஊர் நாலு கிலோமீட்டர்தானே என்று ஓட்டுகிற அந்த நாலு கிலோமீட்டரில்தான் எஞ்சினின் தலை வளைகிறது. நிறுத்திய பிறகு காத்திருப்பது ஒன்றே வேலை. பச்சைத் தண்ணீர் ஊற்றலாமா என்றால், ஆபத்துக்கு ஊற்றலாம். ஊர் வந்து சேர்ந்ததும் அதை வடித்து, சரியானதை ஊற்றிவிட வேண்டும். நமது வண்டியைக் கெடுத்தது ஆபத்துக்கு ஊற்றிய ஆறு பாட்டில் அல்ல; அதற்கு முன் வருஷம் முழுவதும் உள்ளே கிடந்த கிணற்றுத் தண்ணீர்.

மின்சாரக் கார் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லையே என்று மைத்துனர் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறார். விசாரித்ததில், அவற்றிலும் பலவற்றில் பாட்டரியையும் மோட்டாரையும் குளிரச் செய்யக் கூலண்ட் ஓடுகிறது என்று தெரிந்தது. அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஐப்பசி மாதம் மறுபடியும் ஏற்காட்டுக்குப் போனோம். அதே ஏழு பேர், அதே கூஜா. புறப்படுவதற்கு முன் மைத்துனரே பானெட்டைத் தூக்கி, டப்பாவின் கோட்டைப் பார்த்துவிட்டு வந்தார். பதினோராவது வளைவில் முள் நடு இடத்தில் அசையாமல் இருந்தது. ஆனாலும் மாமியார் சொன்னதன்பேரில் அங்கே வண்டியை நிறுத்தினோம். மேலேயிருந்து நாலைந்து லாரிகள் இறங்கி வந்தன. ஒவ்வொன்றிலும் டிரைவரின் முகத்தைப் பார்த்தோம். அன்றைக்கு இருந்த பதற்றத்தில் அந்தப் பெரியவருடைய பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. லாரியின் நம்பரையும் பார்த்து வைக்கவில்லை. ஒரு பத்து நிமிஷம் நின்றுவிட்டு மேலே ஏறிப் போனோம்.